நாற்காலியைத் தொடாதீர்கள்

சுவரோரம் ஒரு மர நாற்காலி கிடக்கிறது. ஒரு கால் முறிந்து, அந்த இடத்தில் அரைச் செங்கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. இருக்கையில் கசங்கிய துண்டு. யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார். பின்னால் பச்சைப் பெயின்ட் உரிந்து, அடியில் பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும் சுவர். எல்லாம் சரி, வலப்பக்கம் ஓர் அடி முன்னால் தள்ளி ஒரு நீல பிளாஸ்டிக் வாளி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் கண்ணை உறுத்துகிறது.

இந்த இடத்தில் கேமரா பிடித்த எவருக்கும் கால் துறுதுறுக்கும். வாளியை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் முடிந்தது வேலை. யார் பார்க்கப் போகிறார்கள்?

தள்ளினால் படம் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. நன்றாகவேகூட வரலாம். பொருள்களை அடுக்கிவைத்துப் படமெடுப்பதும் ஒரு கலைதான், அதற்கென்று நீண்ட மரபு உண்டு. ஆனால் அது வேறு வேலை. அடுக்காத காட்சியை எடுக்கிறவருக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: எதிரே இருப்பதை நகர்த்தக் கூடாது, நகர வேண்டியது நாம். எங்கே நிற்பது, எவ்வளவு குனிவது, எப்போது வருவது, எத்தனை நேரம் காத்திருப்பது. இந்த நான்கைத் தவிர நம் கையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. வாளியைத் தள்ளிவிட்டவருக்கு அன்றைக்கு ஒரு படம் கிடைக்கும். வாளியோடு மல்லுக்கு நின்றவருக்கு அடுத்தடுத்து வரும் வாளிகளைச் சமாளிக்கும் வழி பிடிபடும்.

மல்லுக்கு நிற்பது என்றால் இப்படி. வாளி நாற்காலியைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் பக்கவாட்டில் நகரும்போது பக்கத்துப் பொருள் அதிகமாகவும் தூரத்துப் பொருள் குறைவாகவும் இடம் மாறும். ஆகவே இடப்பக்கம் அரை எட்டு வைத்தால் வாளி நாற்காலியை விட்டு வலப்பக்கமாக விலகும். இன்னும் அரை எட்டில் ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும். வலப்பக்கம் நகர்ந்தால் அது நாற்காலியை நோக்கி வந்து செங்கலை மறைக்கும். அப்படியானால் இடப்பக்கமே நல்லது என்று தோன்றும். ஆனால் அங்கே போனதும் சுவர் சரிவாகத் தெரிகிறது, இதுவரை மறைந்திருந்த ஒரு குழாய் நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் முளைக்கிறது. ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று.

அடுத்தது உயரம். நின்றபடி எடுத்தால் கேமரா தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். படத்தில் பாதி தரையாகப் போய்விடும். துண்டின் கசங்கல் நன்றாகத் தெரியும், செங்கல் மட்டும் தரையோடு தரையாகக் கலந்துவிடும். முழங்கால் உயரத்துக்கு, அதாவது அரை மீட்டருக்கு இறங்கினால் தரை சுருங்கி, நாற்காலிக் கால்களும் செங்கலும் எடுப்பாக நிற்கும்; ஆனால் இருக்கை நம் கண்மட்டத்துக்கு வந்து, துண்டு வெறும் விளிம்பாகத் தெரியும். இரண்டும் வேண்டுமென்றால் இடுப்புயரம். அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: இது உடைந்த நாற்காலியைப் பற்றிய படமா, எழுந்து போனவரைப் பற்றிய படமா? பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்விக்கே வராமல் கண்ணுயரத்தில் ஒன்று எடுத்துவிட்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். ஒருவருடைய தொகுப்பில் நூறு படமும் ஒரே உயரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் காரணம் இதுதான்.

கடைசியாக, வாளியைச் சேர்த்தே ஒன்று எடுத்துப் பாருங்கள். துண்டும் வாளியும் சேர்ந்தால் ஒருவர் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார் என்று ஆகிறது. பச்சைக்கு எதிரே நீலம் வந்து படம் எழுந்து நிற்கிறது. உறுத்துகிற பொருளே பல சமயம் காட்சியின் அச்சாணி. தள்ளிவிட்டிருந்தால் அது தெரிந்தே இருக்காது.

அடுக்காத காட்சி புதிய மோகம் ஒன்றும் இல்லை. இன்று எஞ்சியிருக்கும் கேமராப் படங்களில் மிகப் பழையது, 1826 அல்லது 1827-இல் பிரெஞ்சுக்காரர் நிசெஃபோர் நியெப்ஸ் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது: கூரைகள், சுவர்கள், அவ்வளவுதான். 1838-இல் லூயி தாகேர் பாரிஸ் வீதி ஒன்றை உயரத்திலிருந்து எடுத்தார். எக்ஸ்போஷர், அதாவது ஒளி பதியும் நேரம், நிமிடக் கணக்கில் நீண்டதால் போவோர் வருவோரும் வண்டிகளும் பதியாமல் கரைந்துவிட, காலணிக்குப் பாலிஷ் போட ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். ஒளிப்படத்தில் விழுந்த முதல் மனிதராக அறியப்படுபவர் அவர்தான். தன்னை யாரோ படமெடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுக்கும் ஆசையும் பின்னாலேயே வந்துவிட்டது. ஆங்கிலேய ஒளிப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் 1855-இல் கிரிமியப் போர்க்களத்தில் ஒரே இடத்தை இரண்டு முறை எடுத்திருக்கிறார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் சாலைமேல் இறைந்து கிடக்கின்றன, மற்றதில் சாலை வெறிச்சென்று இருக்கிறது. குண்டுகளை நகர்த்தியது யார் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ராபர்ட் துவானோ 1950-இல் பாரிஸ் வீதியில் எடுத்த முத்தக் காட்சி, தற்செயலாகச் சிக்கியது என்றுதான் பல பத்தாண்டுகள் உலகம் நம்பியது. அந்த ஜோடியைப் பேசி வைத்து முத்தமிடச் செய்தேன் என்று 1990-களில் வழக்கு வந்தபோதுதான் அவர் ஒப்புக்கொண்டார். படம் அழகான படம்தான். ஆனால் தெரிந்த பிறகு அதை முன்போல் பார்க்க முடிவதில்லை.

சரி, இப்படிப்பட்ட காட்சிகளை எங்கே தேடுவது? வெகுதூரம் போகாதீர்கள். செக் நாட்டு ஒளிப்படக்காரர் யோசெஃப் சுதெக் முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். 1940-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ப்ராக் நகரில் தன் ஸ்டுடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். ஆவி படிந்த கண்ணாடி, வெளியே ஒரு கோணல் மரம். சரக்கு அவ்வளவுதான். பயணம் போகிற இடத்தில் எல்லாமே புதிதாக இருப்பதால் எல்லாமே காட்சியாகத் தெரியும். ஊர் திரும்பிப் பார்த்தால் கையில் வெறும் சுற்றுலாப் படங்கள். தினமும் நடக்கும் பாதையில் எது வழக்கம் என்று நமக்குத் தெரியும், அதனால் வழக்கம் பிசகும்போது கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

வீட்டிலிருந்து 500 மீட்டர் போதும். அதை ஒரே திசையில் நடக்காமல், ஒருநாள் போன வழியில் மறுநாள் எதிர்ப்பக்கமிருந்து வாருங்கள். எதிர்த்திசையில் வந்தால் எல்லாச் சுவருக்கும் முதுகு தெரியும். முதல் வாரம் கேமராவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு சின்ன நோட்டுப்புத்தகம் போதும். எந்த இடம், எந்தத் திசையைப் பார்த்த சுவர், எத்தனை மணிக்கு வெளிச்சம் விழுகிறது, எத்தனை மணிக்குப் போகிறது. ஏழெட்டு இடம் குறித்தால் போதும். இதுதான் உங்கள் வெளிச்ச அட்டவணை. கிழக்கு பார்த்த சுவரைச் சாயங்காலம் தேடிப் போய் ஏமாறுவது இத்தோடு நிற்கும்.

பொருள்களில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், கை பட்ட தடயத்தைப் பாருங்கள் என்பேன். கம்பி கட்டி ஒட்டுப்போட்ட குடை, கைப்பிடி மட்டும் பளபளவென்று தேய்ந்த இரும்புக் கதவு, ஒரே பக்கம் மழுங்கிய படிக்கட்டு, காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைத்த தார்ப்பாய், கொடியில் கிளிப்பின் நிறத்துக்கேற்ப யாரோ தெரியாமலே வரிசைப்படுத்திய துணிகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள், அது படம் எடுப்பதற்காக எடுத்த முடிவு இல்லை. அழகான பொருளைத் தேடிப் போனால் இவை கண்ணில் படாது. பூ, மாலைச் சூரியன், பூனை இந்த மூன்றையும் முதல் மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். பூனை மேல் எனக்கு விரோதம் இல்லை. பூனை வந்துவிட்டால் படத்தில் வேறு எதையும் யாரும் பார்ப்பதில்லை.

வெளிச்சத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் நேரம் என்பது நிஜமாகவே நிமிடக் கணக்காகிறது. வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதாகத் தெரிகிறது, அதாவது நிமிடத்துக்குக் கால் டிகிரி. ஒரு கட்டடத்தின் விளிம்பு 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் நிழல் போடுகிறது என்றால், அந்த நிழல் கோடு நிமிடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நகரும். சுவர் சரிவாக வெயிலை வாங்கினால் இன்னும் வேகமாக. நாற்காலியின் முதுகில் வெயில் ஒரு கை அகலத்துக்கு விழுந்திருக்கிறது என்று வையுங்கள். நான்கைந்து நிமிடத்தில் அது வேறு இடத்தில் இருக்கும். டீ குடித்துவிட்டு வந்து எடுக்கலாம் என்ற பேச்சே கிடையாது. மறுநாள் அதே நேரம் வந்தால் கிட்டத்தட்ட அதே வெளிச்சம் கிடைக்கும், மேகம் வராவிட்டால். ஆனால் மூன்று வாரம் கழித்து வந்தால் கிடைக்காது. சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 தேதிகளை ஒட்டி மட்டுமே. மற்ற நாட்களில் வடக்கிலோ தெற்கிலோ விலகித்தான் உதிக்கும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள குறுகிய சந்தில் வெயில் நேராகப் பாய்வது வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும்தான் என்பதற்குக் காரணம் இதுவே. நோட்டில் மணியோடு தேதியும் எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

நிழலின் விளிம்பையும் கவனியுங்கள். கம்பம் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்றால் நிழலின் ஓரம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் மங்கும், வெட்டினாற்போல் இருக்கும். 5 மீட்டர் தள்ளி நின்றால் நாலரை சென்டிமீட்டர் மங்கும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகலமுள்ள தட்டாக இருப்பதால் வருகிற மங்கல் இது. படத்தில் ஃபோகஸ் தவறிவிட்டது என்று பலர் நினைத்து அழிப்பது பல சமயம் இந்த மங்கலைத்தான். மரத்தடியில் தரையெல்லாம் வட்ட வட்டமாக வெயில் சிதறிக் கிடப்பதும் இதே கணக்கு: இலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும், அது ஊசித்துளைக் கேமராவாக மாறிச் சூரியனின் உருவத்தைத் தரையில் போடுகிறது. இடுக்கு 5 மீட்டர் தூரத்தில் இருந்தால் வட்டம் ஏறத்தாழ 4.5 சென்டிமீட்டர். சூரிய கிரகணத்தன்று அத்தனை வட்டமும் பிறையாகிவிடும்.

வெயில் இல்லாத நாளை வீணென்று ஒதுக்க வேண்டாம். மேகமூட்டம் நிறத்துக்கு நல்லது. உரிந்த பெயின்ட், துரு, பாசி, மங்கிய துணி எல்லாம் நேர்வெயிலில் வெளுத்துப்போகும், மேகத்தில் தன் நிறத்தைக் காட்டும். மழை நின்ற முதல் அரைமணி நேரம் இன்னும் நல்லது.

மழை என்றதும் தேங்கிய தண்ணீரில் பிரதிபலிப்பு எடுக்க எல்லோரும் ஓடுவார்கள். அதில் அடிக்கடி நடக்கும் தவறு ஃபோகஸில். பிரதிபலிப்பில் தெரியும் பொருளின் தூரம் என்பது கேமராவிலிருந்து தண்ணீர் வரை உள்ள தூரமும், தண்ணீரிலிருந்து பொருள் வரை உள்ள தூரமும் சேர்ந்தது. ஆட்டோஃபோகஸ் தண்ணீரின் விளிம்பையோ மிதக்கும் சருகையோ பிடித்துக்கொண்டால் உள்ளே தெரியும் ஜன்னலும் கம்பியும் மங்கிவிடும். பிரதிபலிப்பின் மேலேயே விரலால் தொட்டு ஃபோகஸ் வையுங்கள். கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தண்ணீருக்கு ஒரு விரல்கடை மேலே இருக்கும்படி பிடியுங்கள். பார்வை எவ்வளவு சாய்வாகிறதோ அவ்வளவு பிரகாசமாகத் தண்ணீர் பிரதிபலிக்கும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அடியில் உள்ள சேறுதான் தெரியும். போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது பிரதிபலிப்பை அழிப்பதற்கென்றே இருக்கிறது, கூடவே ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்).

கருவியைப் பற்றி அதிகம் பேச எனக்கு இஷ்டமில்லை. கைப்பேசி தாராளமாகப் போதும், அதன் குறைகளைத் தெரிந்துகொண்டால். முதல் குறை அழுக்கு. பையிலும் கையிலும் புரண்டு லென்ஸ்மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும். விளக்கைச் சுற்றிக் கோடு கோடாக வெளிச்சம் வழிந்தால் அதுதான். பருத்தித் துணியால் ஒரு துடைப்பு. இரண்டாவது, முதன்மை லென்ஸ் பெரும்பாலான கைப்பேசிகளில் 24 முதல் 26 மி.மீ. அளவுக்குச் சமமான அகலக் கோணம். ஃப்ரேமின் மூலையில் முகம் வந்தால் பக்கவாட்டில் இழுபடும், ஆகவே ஆட்களை நடுப்பகுதியில் வையுங்கள். மேலே தூக்கிச் சாய்த்தால் கட்டடங்கள் பின்னால் விழும். சாய்க்காமல் பின்னால் நகருங்கள். மூன்றாவது, வெளிச்சத்தைத் தானே தீர்மானிக்கும் அவசரம். இருண்ட கதவு, வெளியே வெயில் என்ற காட்சியில் கைப்பேசி இரண்டையும் சமப்படுத்தி, நிழலையெல்லாம் சாம்பலாக்கிவிடும். வெயில் படும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், பிறகு வெளிச்சத்தை ஒரு படி இறக்குங்கள். நிழல் நிழலாகவே இருக்கட்டும். வெள்ளைச் சுவர் ஃப்ரேமை நிறைத்தால் எதிர்த் தவறு நடக்கும்: கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் சுவர் அழுக்காகும். அங்கே ஒரு படி ஏற்ற வேண்டும். இரவு மோடு அசையாத பொருளுக்கு மட்டும். ஒன்றிரண்டு நொடி திறந்திருப்பதால் நடப்பவர் புகையாகிவிடுவார். அழகூட்டும் ஃபில்டர், பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு இரண்டையும் அணைத்துவிடுங்கள். பின்னணிதான் இங்கே பாதிக் கதை.

தனிக் கேமரா உள்ளவர்களுக்கு ஒரே ஒரு லென்ஸ், ஒரே ஒரு அமைப்பு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சுருங்கும்), ஃபோகஸ் 3 மீட்டரில் நிலைநிறுத்தம். இப்படி வைத்தால் ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாமே தெளிவு. 28 மி.மீ. என்றால் 3.3 மீட்டரில் வைத்து ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து முடிவிலி வரை மறந்துவிடலாம். 50 மி.மீ. இதற்கு ஒத்துவராது, அதே எஃப் 8-இல், 3 மீட்டரில் வைத்தால் 2.3 முதல் 4.2 மீட்டர் வரைதான் தெளிவு. 3 மீட்டர் என்பது எவ்வளவு என்று காலுக்குத் தெரிய வேண்டும். வீட்டுத் தரையில் டேப் வைத்து அளந்து, அத்தனை எட்டு நடந்து பழகுங்கள். கண் ஏமாற்றும், குறிப்பாகச் சாயங்காலத்தில்.

வெளிச்சக் கணக்கு பழைய ஃபிலிம் காலத்துச் சூத்திரம்தான். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. எண்ணின் (ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் எண்) தலைகீழ். ஐ.எஸ்.ஓ. 400 என்றால் 1/400 நொடி. எஃப் 8-க்கு வந்தால் 1/1600. திறந்த நிழலில், அதாவது மேலே வானம் தெரியும் நிழலில், மூன்று ஸ்டாப் குறைந்து 1/200 ஆகும். அந்த 1/200 போதுமா என்பதுதான் கேள்வி. சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் போகிறார். 1/60 நொடியில் 2 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார், 1/250-இல் அரை சென்டிமீட்டர்தான். ஆனால் வீசும் பாதம் உடலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம், அதனால் முகம் தெளிவாகவும் கால் மங்கலாகவும் வரும். குறுக்காக நடப்பவருக்கு 1/250, சைக்கிளுக்கும் ஓடும் குழந்தைக்கும் 1/500-க்கு மேல் வையுங்கள், நிழலில் ஐ.எஸ்.ஓ.வை 800-க்கோ 1600-க்கோ கூசாமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தை மன்னிக்கலாம், வேண்டாத இடத்தில் மங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே, எல்.இ.டி. வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுந்தால் கேமரா கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்கினால் பட்டை போய்விடும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/120 அல்லது 1/60.

ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, மட்டும் ஆட்டோவில் விடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் நிலையாக வைத்துவிட்டால் குண்டு பல்பு மஞ்சளாகவும் நிழல் நீலமாகவும் வரும், கண்ணுக்கும் அது கொஞ்சம் அப்படித்தான். ஆட்டோவில் ஒரே சுவர் மூன்று படத்தில் மூன்று நிறமாகும்.

ஆட்கள் வரும்போது வேலை கடினமாகிறது, முதலில் மனதளவில். காட்சியைத் துரத்தாதீர்கள், இடத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நல்ல பின்னணியும் வெளிச்சமும் உள்ள இடத்தை வெளிச்ச அட்டவணை ஏற்கெனவே சொல்லியிருக்கும். அங்கே ஃப்ரேமைத் தீர்மானித்து, நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வந்து, தலைக்குப் பின்னால் கம்பம் முளைக்கும் இடம் எது என்று பார்த்துவைத்து, இருபது நிமிடம் காத்திருங்கள். பத்தாவது நிமிடத்தில் அலுப்பு வரும். பதினைந்தாவது நிமிடத்தில் அந்தத் தெரு உங்களை மறந்துவிடும். துரத்தினால் கிடைப்பதெல்லாம் முதுகுதான். ஒருவர் இடப்பக்கமிருந்து நுழைந்தால் ஃப்ரேமின் நடுவுக்கு வரும்வரை காத்திருந்து அழுத்தினால் தாமதமாகிவிடும். கால் அகல விரிந்திருக்கும் எட்டு ஒன்றுக்காக ஒரு நொடி முன்பே விரல் தயாராக இருக்க வேண்டும். கால்கள் ஒன்றோடொன்று சேரும் நொடியில் எடுத்தால் நடப்பவர் கம்பம் நட்டதுபோல் நிற்பார்.

கேமராவை ஒளிக்கலாமா? அமெரிக்க ஒளிப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்துப் பயணிகளை எடுத்தார். அவற்றைப் புத்தகமாக்க 1966 வரை காத்திருந்தார். எனக்கு ஒளிப்பது பிடிப்பதில்லை. ஒளித்த கேமராவைக் கண்டுபிடித்தால் வருகிற கோபம், வெளியே தெரிந்த கேமராவைப் பார்த்து வருவதில்லை. கழுத்தில் தொங்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். அவர் உங்களைப் பார்த்துவிட்டால் ஒரு புன்னகை, ஒரு தலையசைப்பு. நிமிர்ந்து நின்று போஸ் கொடுத்தால் அந்தப் படத்தையும் மரியாதையாக எடுங்கள். எடுத்து முடிந்ததும் அவர் தோள் தளரும் பாருங்கள், வேண்டிய படம் அதுதான். வேண்டாம் என்றால் வேண்டாம். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழியுங்கள். மயங்கிக் கிடப்பவர், அழுகிறவர், ஜன்னல் வழியே தெரியும் வீட்டு உள்பக்கம், தனியாக இருக்கும் குழந்தை இவற்றை எடுக்க நல்ல காரணம் ஒன்று இருக்க வேண்டும். படம் நன்றாக வரும் என்பது காரணமாகாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ஒருவரின் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டுமென்று 1907-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, சில விதிவிலக்குகளோடு. இருக்கும் இடத்துச் சட்டத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். இணையத்தில் போடுவதற்கு முன் படக்கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுவதும் அவசியம். யாருடைய வாசல் எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எடுத்தாகிவிட்டது. அன்றைக்கே தேர்ந்தெடுக்க உட்காராதீர்கள். வெயிலில் முக்கால் மணி நேரம் நின்ற அலுப்பு படத்தின் மதிப்பை ஏற்றிக் காட்டும். அமெரிக்கத் தெரு ஒளிப்படக்காரர் கேரி வினோகிராண்ட் எடுத்த ஃபிலிமை வேண்டுமென்றே மாதக்கணக்கில் கழுவாமல் வைத்திருப்பார், எடுத்த நேரத்து உற்சாகம் வடிய வேண்டும் என்பதற்காக. 1984-இல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ஃபிலிம் சுருள்கள் கழுவப்படாமல் கிடந்தன. அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஒரு வாரம் போதும். பிறகு படங்களைச் சிறு கட்டங்களாகத் திரையில் பரப்பிப் பாருங்கள். தபால்தலை அளவில் ஈர்க்காத படத்தைப் பெரிதாக்கினாலும் பெரும்பாலும் பயனில்லை.

திருத்தும்போதும் வாளிச் சட்டம் செல்லும். சாய்ந்த கோட்டை ஒரு டிகிரி நிமிர்த்தலாம், ஓரத்தைக் கொஞ்சம் வெட்டலாம், கருப்பை ஆழமாக்கலாம். வாளியை மென்பொருளில் அழிப்பதும் காலால் தள்ளுவதும் ஒன்றுதான். நேஷனல் ஜியோகிராஃபிக் 1982 பிப்ரவரி இதழ் அட்டைக்காக கிசா பிரமிடுகள் இரண்டைக் கணினியில் நெருக்கி வைத்தது. அது இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. தரையில் கிடக்கும் ஒரு காகிதத்தைப் பொறுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், நல்ல காரியம். படத்தை மட்டும் அதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

ஒரே காட்சிக்கு மறுபடி போகிறவர்களுக்கு ஒரு உபாயம். பழைய படத்தைக் கைப்பேசியில் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்துப் பொருள் ஒன்றும் தூரத்துப் பொருள் ஒன்றும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று பாருங்கள். நாற்காலி முதுகின் இட மூலை சுவரில் எந்த விரிசலைத் தொடுகிறது, இருக்கையின் விளிம்பு எந்தப் பெயின்ட் உரிசலுக்கு நேரே வருகிறது. முதலாவதைச் சரிசெய்ய இட வலமாகவும், இரண்டாவதைச் சரிசெய்ய மேல் கீழாகவும் நகருங்கள். இரண்டும் பொருந்திவிட்டால் சென்றமுறை நின்ற அதே கோட்டில் நிற்கிறீர்கள். முன்னும் பின்னும் நகர்ந்து ஃப்ரேமின் அளவைப் பொருத்தினால் அதே புள்ளி. நாற்காலி இடம் மாறியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. அதனால் முதல்முறை எடுக்கும்போதே, யாரும் நகர்த்த முடியாத, வெவ்வேறு தூரத்தில் உள்ள இரண்டு பொருள்களை, ஒரு குழாயையும் ஒரு ஜன்னல் சட்டத்தையும் போல, ஃப்ரேமின் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.